யாருக்கு யார் என்ன முறை: டார்க் தொடர் பற்றிக் கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

நேற்று இரவு தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே ஏதாவது சொல்லி முடித்திருக்கலாம். உன் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்ட பிறகு, இதை உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. டார்க் தொடரின் 26 எபிசோடுகளையும் ஐந்தே நாள்களில் பார்த்து முடித்துவிட்டு, "கடைசியில் யோனாஸும் மார்த்தாவும் பிறக்கவே இல்லை என்றால், இத்தனை நேரம் நான் யாருக்காகக் கவலைப்பட்டேன் அத்தை?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. (தொடரை இன்னும் பார்க்காதவர்கள் கடிதத்தை இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. முடிவு வரைக்கும் எல்லாவற்றையும் பேசப்போகிறேன்.)

நீ ஐந்து நாள்களில் கடந்த தூரத்தைக் கடக்க எனக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நெட்பிளிக்ஸின் முதல் ஜெர்மன் மொழித் தொடரான இதன் முதல் சீசன் 2017 டிசம்பர் 1 அன்று வெளியானது. இரண்டாவது 2019 ஜூன் 21, மூன்றாவது 2020 ஜூன் 27. ஒரே மூச்சில் பார்த்த உனக்கு இந்தத் தேதிகள் கண்ணில் பட்டிருக்காது. யோனாஸின் அப்பா மிஹாயேல் தூக்கிட்டு இறப்பது கதைப்படி 2019 ஜூன் 21. கதை நடக்கும் விண்டன் நகரம் அழிவது 2020 ஜூன் 27. கதைக்குள் எந்த நாளோ அந்த நாளிலேயே எங்கள் கைக்கும் கதையைக் கொடுத்தார்கள். முதல் சீசனைப் பார்க்கும்போது 2019 என்பது எங்களுக்கு இன்னும் வராத ஆண்டு. அதனால் 2019 நவம்பர் 4 அன்று இரவு, மிஹாயேல் எழுதிவைத்த கடிதத்தின் உறையில் இருக்கும் 10.13 மணி எப்போது வரும் என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்காது என்று தெரியும். இருந்தாலும் மிக்கெல் என்ற சிறுவன் காணாமல்போகும் இரவு அது. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க மனம் வரவில்லை.

மூன்றாவது சீசன் வந்தபோது சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு. தெருவில் ஆம்புலன்ஸ் போகும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாத அந்த வாரத்தில், உலகம் முடியும் நாள் என்று கதை முன்பே குறித்துவைத்த நாளில், அதன் கடைசி எட்டு எபிசோடுகளைப் பார்க்கத் தொடங்கினேன். அந்தச் சூழலும் சேர்ந்துதான் இந்தத் தொடர் எனக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியதோ என்னவோ.

காத்திருந்த ஆண்டுகளில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். காலப் பயணத்தின் விதிகளை எழுதுவதற்காகத் தொடங்கியது அது; சில நாள்களிலேயே அதில் வேறொரு கேள்விதான் பக்கம் பக்கமாக வளர்ந்தது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் உன் பாட்டி முதலில் கேட்பாரே, "அவர் நமக்கு என்ன முறை?" என்று, அதே கேள்விதான். விண்டனில் நான்கு குடும்பங்கள்: கான்வால்ட், நீல்சன், டோப்லர், டீடமன். இந்த நான்கு வீட்டுக்காரர்களில் யாருக்கு யார் என்ன முறை என்று கண்டுபிடித்துவிட்டால் தொடரின் பாதி மர்மம் தீர்ந்துவிடும் என்பதை முதல் சீசனின் நடுவிலேயே உணர்ந்தேன்.

இந்த இடத்தில் தமிழில் நினைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வலி உண்டு. 2019இல் காணாமல்போகும் மிக்கெல், குகை வழியாக 1986க்குப் போய், இனெஸ் என்ற செவிலியரிடம் வளர்ந்து, மிஹாயேல் என்ற பெயரில் ஹன்னாவை மணந்து, யோனாஸுக்குத் தகப்பனாகிறான். மிக்கெலின் அக்காதான் யோனாஸ் காதலிக்கும் மார்த்தா. ஜெர்மன் மொழியில் அப்பாவின் சகோதரியையும் அம்மாவின் சகோதரியையும் 'டான்டே' என்ற ஒரே சொல்லால் அழைப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போது ஏதோ ஒரு சொந்தம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. நீயோ அன்றைக்கு நள்ளிரவில் என்னை எழுப்பி, "மார்த்தா அவனுக்கு அத்தையா?" என்று கேட்டாய். என்னை அழைக்கிற சொல்லை அவளுக்கு வைத்துப் பார்த்த நொடியில், யோனாஸின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்பது உனக்கு முழுமையாகப் புரிந்துவிட்டது. அத்தை மகளை மணக்கும் முறை உள்ள நம் ஊரிலும் அத்தை என்பவள் தாய்க்குச் சமம் அல்லவா? இன்னும் ஒன்று. உல்ரிச் ரகசியமாக உறவு வைத்திருக்கும் ஹன்னா, அவன் மகன் மிக்கெலின் மனைவி; அதாவது அவனுக்கு மருமகள். அது அவர்கள் இருவருக்கும் தெரியாது. 'மருமகள்' என்று நோட்டில் எழுதிய பிறகு எனக்குச் சிறிது நேரம் பேனாவை எடுக்கவே மனம் வரவில்லை.

இரண்டாவது சீசனின் முடிவில் என் நோட்டே தோற்றுப்போனது. காவல்துறை அதிகாரி ஷார்லோட்டின் இளைய மகள் எலிசபெத். அந்த எலிசபெத்துக்கும் பாதிரியார் நோவாவுக்கும் பிறந்தவள்தான் ஷார்லோட். தாய்க்கு மகளும் மகளுக்குத் தாயுமாக இருவரும் ஒருவரையொருவர் பெற்றிருக்கிறார்கள். வம்சக் கோடுகளை மேலிருந்து கீழாகவே வரைந்து பழகிய நான், முதன்முறையாக ஒரு வட்டம் வரைந்தேன். மூன்றாவது சீசனில் அதைவிடப் பெரிய வட்டம் வந்தது. யோனாஸுக்கும் இன்னோர் உலகத்து மார்த்தாவுக்கும் பிறக்கும் பெயரில்லாத மகன்தான் த்ரோண்டேயின் தகப்பன். த்ரோண்டேயின் மகன் உல்ரிச். உல்ரிச்சின் மகன் மிக்கெல். மிக்கெலின் மகன் யோனாஸ். எண்ணிப் பார். யோனாஸின் மகனே யோனாஸுக்கு எள்ளுத் தாத்தா. இத்தனை தலைமுறைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது என்பதால், அந்த முடிச்சை ஒரே வரியில் எழுத முடிந்தது.

என் ஊகங்கள் எல்லாம் சரியாக இருந்தன என்று நினைத்துவிடாதே. அந்த நோவாதான் யோனாஸின் நண்பன் பார்டோஷ், வயதான பிறகு என்று ஒன்றரை ஆண்டு உறுதியாக நம்பினேன். கடைசியில் நோவா பார்டோஷின் மகன். தப்பு என்று தெரிந்தபோது எனக்கு வருத்தமே இல்லை, ஏனென்றால் திரும்பிப்போய்ப் பார்த்தால் கதை என்னை ஏமாற்றியிருக்கவில்லை. இயக்குநர் பாரன் போ ஓடாரும் எழுத்தாளர் யான்ட்யே ஃப்ரீஸெயும் மூன்று சீசன்கள் என்று திட்டமிட்டே தொடங்கியவர்கள். முதல் சீசனில் 'எங்கே' என்று தேடிக்கொண்டிருந்த நம்மை 'எப்போது' என்று கேட்கவைத்தார்கள். இரண்டாவது சீசனின் கடைசிக் காட்சியில் வேறு முடியலங்காரத்துடன் வந்து நிற்கும் மார்த்தா, எந்தக் காலத்திலிருந்து என்பதல்ல, எந்த உலகத்திலிருந்து என்பதே கேள்வி என்கிறாள். கேள்வி இப்படி இரண்டு முறை மாறியும் பழைய விடை எதுவும் பொய்யாகவில்லை. முதல் எபிசோடின் தொடக்கப் பாடலிலிருந்தே எல்லாக் காட்சிகளும் கண்ணாடியில் பிரதிபலித்து இரண்டிரண்டாகத் தெரியும், நினைவிருக்கிறதா? இரண்டு உலகங்கள் என்ற விடையை நம் கண்ணெதிரே வைத்துவிட்டுத்தான் அவர்கள் கேள்வியையே கேட்டிருக்கிறார்கள்.

குகை வழியாகக் காலம் தாண்டும் 33 ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். சூரியக் கணக்கில் 33 ஆண்டுகள் என்பது சந்திரக் கணக்கில் ஏறக்குறைய 34 ஆண்டுகள். வித்தியாசம் சில நாள்களே. ரம்ஜான் மாதம் கோடை, மழை, குளிர் என்று எல்லாப் பருவங்களையும் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பிவர ஏறத்தாழ இவ்வளவு காலம்தான் ஆகிறது. 1953, 1986, 2019 என்ற வரிசைக்கு அடியில் இந்த வானக் கணக்கு இருக்கிறது. அணுமின் நிலையத்தையும் கதைக்கு அலங்காரமாக வைக்கவில்லை. 1986 செர்னோபில் விபத்தின் அச்சம் ஜெர்மனியில் ஒரு தலைமுறையையே பற்றியிருந்தது; 2011இல் ஃபுக்குஷிமாவுக்குப் பிறகு அணுமின்சாரத்தைக் கைவிடுவதென்று அந்நாடு முடிவு செய்து, 2023 ஏப்ரலில் கடைசி மூன்று நிலையங்களையும் மூடியது. விண்டனின் நிலையமும் மூடப்படக் காத்திருக்கும் நிலையம்தான்.

இனி உன் வருத்தத்துக்கு வருகிறேன். உல்ரிச்சை எடுத்துக்கொள். தம்பி மாட்ஸை 1986இல் இழந்தவன். 2019இல் மகனையும் இழக்கிறான். இதற்கெல்லாம் காரணம் ஹெல்கே என்று நம்பி, கிழவனான ஹெல்கேயைப் பின்தொடர்ந்து குகைக்குள் நுழைந்து 1953இல் போய் விழுகிறான். அங்கே ஹெல்கே ஒரு சிறுவன். பின்னால் நடக்கப்போவதைத் தடுப்பதாக எண்ணி அந்தச் சிறுவனைக் கல்லால் அடித்துக் கிடத்துகிறான். அந்த அடியின் தழும்போடு வளரும் ஹெல்கேதான் பின்னாளில் பிள்ளைகளைக் கடத்தத் துணைபோகிறவன். உல்ரிச் காவலர் எகோனிடம் பிடிபட்டு, மனநல மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டு, தலை நரைத்த பிறகு 1987இல் தப்பிவந்து மகனைக் கண்டுபிடிக்கிறான். மிக்கெல் அந்தக் கிழவனைத் தன் அப்பா என்று அடையாளம் கண்டு கட்டிக்கொள்கிறான். குகை வரைக்கும்கூடப் போகவிடாமல் இருவரையும் பிடித்துப் பிரித்துவிடுகிறார்கள். அந்தக் காட்சியை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அழுதேன். உல்ரிச்சும் மிக்கெலும் இறுதியில் இல்லாமலே போய்விடுகிறார்கள் என்பதால் அந்த அணைப்பு நடக்கவில்லை என்று என்னால் எண்ண முடியவில்லை.

உன் கேள்வியை உனக்கு முன்பே மார்த்தா கேட்டுவிட்டாள், கவனித்தாயா? கடிகாரம் செய்யும் டான்ஹவுஸ் 1971இல் மகனையும் மருமகளையும் கைக்குழந்தையான பேத்தியையும் சாலை விபத்தில் இழக்கிறார். அவர்களைத் திரும்பப் பெற அவர் செய்த இயந்திரம்தான் ஓர் உலகத்தை இரண்டாகப் பிளந்தது. அந்த விபத்தைத் தடுத்துவிட்டு, தாங்களும் மறையப்போகிறோம் என்று தெரிந்து நிற்கும்போது, நம்மிலிருந்து ஏதாவது மிஞ்சுமா என்று மார்த்தா யோனாஸைக் கேட்கிறாள். அவனிடம் விடை இல்லை. கதை அதற்கு அடுத்த காட்சியில் விடை சொல்கிறது: ரெகினாவின் வீட்டு விருந்து. அந்த மேசையைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று இன்னொரு முறை பார். ரெகினா, கத்தரீனா, ஹன்னா, பீட்டர், பென்னி, வோல்லர். அந்த வட்டத்துக்குள் பிறக்காதவர்கள் மட்டும். ரெகினா த்ரோண்டேயின் மகளாக இருப்பாளோ என்ற சந்தேகம் தொடர் முழுவதும் உண்டு; அது உண்மையாக இருந்திருந்தால் அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கும். நோயால் சாகவிருந்த மகள் ரெகினா வாழ வேண்டும் என்ற ஒன்றுக்காகவே அவள் தாய் க்ளாடியா இத்தனை ஆண்டுகள் இந்த முடிச்சை அவிழ்த்தாள். நான் நோட்டில் கேட்டுக்கொண்டே இருந்த முறைக் கேள்விக்கு ஒரு சாப்பாட்டு மேசையை வைத்தே விடை எழுதிவிட்டார்கள். பிறகு, கருவுற்றிருக்கும் ஹன்னா அங்கே கிடக்கும் மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்தபடி நிற்கிறாள். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டதும், யோனாஸ் அழகான பெயர் என்கிறாள். மிஞ்சியது அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உனக்குப் போதவில்லை என்றால் அதற்காக உன்னிடம் வாதாட மாட்டேன்.

ஒரு குறையில் உன் பக்கம்தான் நிற்கிறேன். மூன்றாவது சீசன் அவசரப்படுகிறது. இரண்டாவது உலகத்து மனிதர்களோடு பழக நமக்குப் போதிய நேரம் தரவில்லை. எல்லாவற்றுக்கும் மூலமான டான்ஹவுஸின் துயரம் கடைசியில் வந்து சேர்கிறது. அந்த மகன், மருமகள், பேத்தியின் முகங்களை நாம் முன்பே அறிந்திருந்தால் அந்த மழை இரவு இன்னும் கனத்திருக்கும்.

ஆனாலும் கேட்ட கேள்விகளுக்குக் கடைசி வரைக்கும் நின்று கணக்குத் தீர்க்க அவர்களுக்கு வாய்த்ததே, அதன் அருமை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதே இருவரும் அடுத்ததாகச் செய்த 1899 என்ற தொடர் 2022 நவம்பரில் வந்தது. நடுக்கடலில் ஒரு கப்பல், முன்பே காணாமல்போன இன்னொரு கப்பல், ஒவ்வொருவரும் வெவ்வேறு மொழி பேசும் பயணிகள். உடனே புது நோட்டு வாங்கினேன். எட்டு எபிசோடுகளின் முடிவில் விண்வெளிக் கலம் ஒன்றில் கண்விழிக்கும் நாயகி மோராவை விட்டுவிட்டுக் கதை நிற்கிறது. 2023 ஜனவரியில், தொடர் இனி வராது என்று அறிவித்துவிட்டார்கள். அந்த நோட்டில் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன், மிச்சம் வெற்றுத்தாள். அதை நான் வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை.

டார்க் நோட்டை அடுத்த வாரம் உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மறுபடி பார்ப்பதாக இருந்தால் ஜெர்மன் ஒலியிலேயே பார். ஆங்கில டப்பிங்கில் அந்தக் குரல்களின் பாரம் போய்விடுகிறது. நோட்டில் ஊகங்களைப் பென்சிலாலும் உறுதியானவற்றைப் பேனாவாலும் எழுதியிருக்கிறேன், பென்சிலில் இருப்பதை அழித்துவிடாதே. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி மட்டும் இன்னும் பென்சிலிலேயே இருக்கும்: வோல்லரின் கண்ணுக்கு என்ன ஆயிற்று? அவர் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எதாவது குறுக்கே வந்துவிடுகிறது. உனக்கு ஏதாவது தோன்றினால் அதற்குக் கீழே எழுது.

அன்புடன்,
உன் அத்தை