நம் பள்ளிக்கு வரும் நிதி பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் கூட்டத்தில் உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்டீர்கள். பக்கத்துப் பள்ளியில் ஆய்வகம் இருக்கிறது, இசை ஆசிரியர் இருக்கிறார், வகுப்பில் பிள்ளைகளும் குறைவு. இரண்டும் அரசுப் பணத்தில் நடப்பவைதானே, நம் பள்ளியில் மட்டும் ஏன் இல்லை? கூட்டத்தில் நேரம் போதவில்லை. இதற்கான முழுப் பதில் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நமக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி தலைக்கணக்கில் வருகிறது. எத்தனை மாணவர்களோ அத்தனை பங்கு. கேட்டவுடன் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு வகுப்பில் முப்பது பேர் இருந்தாலும் இருபத்தைந்து பேர் இருந்தாலும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். அறையும் மின்கட்டணமும் குறைவதில்லை. பத்துப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போனால் பத்துப் பேருக்கான பணம் போய்விடும், செலவு மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பத்துப் பேரும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. இங்கே ஒருவர், அங்கே இருவர் என்று போவதால் எந்த வகுப்பையும் மூடவும் முடியாது. அப்புறம் எதில் கை வைப்பது? கணக்குப் பாடத்தில் வைக்க முடியாது. நூலக நேரம், ஆய்வக உதவியாளர் பணியிடம், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தரும் ஆசிரியர் என்று ஒவ்வொன்றாகப் போகும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு இன்னும் சில பெற்றோர் பிள்ளைகளை மாற்றுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கணக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அனுபவம் கூடக் கூட ஆசிரியர்கள் வசதியான பள்ளிகளுக்கு இடம் மாறிப் போகிறார்கள். அவர்களுடைய கூடுதல் சம்பளமும் அரசுப் பணம்தான். ஆக, இரண்டு பள்ளியிலும் ஆசிரியர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், அங்கே செலவாகும் தொகை பெரிது. இங்கே புதிதாக வருபவர்கள் நன்றாக உழைக்கிறார்கள், பழகியதும் போய்விடுகிறார்கள்.

சிறப்பு மானியங்கள் விண்ணப்பித்தால் கிடைக்கும் என்பார்கள். பெரிய பள்ளியில் அதை எழுத அலுவலகம் இருக்கிறது. நம் பள்ளியில் எழுதுபவரும் பாடம் நடத்துபவரும் ஒருவரே.

இது நம் ஒருவருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. அமெரிக்காவில் பள்ளிச் செலவில் பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு குறைந்த பகுதிகளில் வரி விகிதத்தைக் கூட்டினாலும் பள்ளிக்குக் கிடைப்பது குறைவு. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் ஏழைப் பகுதிப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் வழக்குகள் நிற்கவில்லை. மாநில நீதிமன்றங்கள் வழியாகப் பல இடங்களில் நிதி முறை மாறியது.

அப்படி மாறியதால் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஜாக்சன், ஜான்சன், பெர்சிக்கோ என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும் வரை பின்தொடர்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முழுக்க ஒரு மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடியிருந்தால், பின்னாளில் அவருடைய ஊதியம் சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் அதிகம். பணம் கொடுத்தால் மட்டும் படிப்பு வந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். பணத்தை எதில் செலவிடுகிறோம் என்பதும் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் செலவிட ஏதாவது கையில் இருக்க வேண்டுமே.

வேறு வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2011 முதல் ஏழைக் குடும்பத்து மாணவர் ஒவ்வொருவருக்கும் பள்ளிக்குக் கூடுதல் தொகை தருகிறார்கள். நெதர்லாந்தில் அதற்கும் முன்பே, 1980களில், பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளையை ஒன்றுக்கு மேற்பட்ட தலையாக எண்ணி நிதி கொடுத்தார்கள். தேவை அதிகமுள்ள இடத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதான் சமம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, பெற்றோரிடமே வசூலித்தால் என்ன என்று சிலர் நல்ல மனதோடு கேட்டீர்கள். நன்றி, ஆனால் வேண்டாம். ஆசிரியர் சம்பளம் நன்கொடையில் ஓடக்கூடாது. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகி உட்காரவும் கூடாது. வசதியான பள்ளிகள் இதே வழியில் நம்மைவிடப் பல மடங்கு திரட்டும், இடைவெளி இன்னும் பெரிதாகும். அரசு செய்ய வேண்டியதை நாம் சத்தமில்லாமல் செய்துகொண்டே போனால், குறை இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும்.

உங்களிடம் நான் கேட்பது வேறு. நம் பள்ளிக்கு வந்த தொகை, செலவு, நிரப்பப்படாத பணியிடங்கள் எல்லாவற்றையும் அடுத்த கூட்டத்தில் தாளில் அச்சிட்டுத் தருகிறேன். படித்துப் பாருங்கள், புரியாததைக் கேளுங்கள். பிறகு உங்கள் மக்கள் பிரதிநிதிக்கு உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். உங்கள் பிள்ளைக்கு எது கிடைக்கவில்லை என்பதை எழுதினால் போதும். தலைமையாசிரியர் எழுதும் கடிதம் கோப்புக்குள் போய்விடுகிறது. வாக்காளர்கள் எழுதினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எழுதப் பழக்கமில்லாதவர்கள் பள்ளி முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்