பார்பரா குக்கைக் கேட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அமெரிக்கப் பாடகி பார்பரா குக்கின் மேடைக் கச்சேரிகளைப் பற்றி, நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் மூன்று மாலைகள் தமிழில் நான் ஆற்றிய உரை சென்ற ஞாயிறன்று நிறைவுற்றது. அழைப்பிதழில் என் பெயர் மட்டுமே அச்சாகியிருந்தது. ஆனால் அவருடைய கச்சேரி ஒன்றைக்கூட நான் நேரில் கேட்டதில்லை. 2017 ஆகஸ்ட் 8 அன்று தம் 89-ஆம் வயதில் அவர் மறைந்து, மறுநாள் மாலை நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகள் தம் முகப்பு விளக்குகளை ஒரு நிமிடம் தணித்து அஞ்சலி செலுத்தின என்ற செய்தியைப் படித்தபோதுதான் அவர் பெயரையே முதன்முதலாக அறிந்தேன். ஒலித்தட்டுகள் எனக்குப் பாட்டைத் தந்தன. அந்தப் பாட்டு ஓர் அறையில் ஒலித்தபோது அங்கே என்ன நேர்ந்தது என்பதைத் தந்தவர்கள் அதைக் கேட்டவர்களும், கேட்டதைப் பொறுப்போடு எழுதி வைத்த விமர்சகர்களுமே. இம்மடலை அவர்களுக்காகவும், அவர்களிடம் என்னைக் கொண்டு சேர்த்தவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதல் நன்றி, எங்கள் குடியிருப்பின் ஐந்தாம் மாடியில் வாழும் மூதாட்டிக்கு. 1975 ஜனவரி 26 அன்று, பின்னாளில் தம் கணவராக வந்தவரோடு, ஏறத்தாழ 2,800 பேர் அமரக்கூடிய நியூயார்க்கின் கார்னகி அரங்கின் மேல்மாடத்தில் அமர்ந்து பார்பரா குக்கைக் கேட்டவர் அவர். 1957-இல் ஓர் இசை நாடகத்தில் நூலகர் வேடம் ஏற்று, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது பெற்ற, ஒல்லியான, தெளிந்த குரலுடைய இளம் நடிகையைத்தான் அன்று வந்திருந்தவர்களில் பலர் நினைவில் வைத்திருந்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் அவரை வருத்தியிருந்தன; உடல் பருத்திருந்தது; நாடக வாய்ப்புகள் நின்றுபோயிருந்தன. அன்றைய இரவில் தாம் கேட்டது இரண்டு வேறு கரவொலிகள் என்று மூதாட்டி எனக்கு விளக்கினார். பாடகி மேடைக்கு வந்து நின்றதும் எழுந்தது பழைய புகழுக்குச் செலுத்திய மரியாதை. சில பாடல்களுக்குப் பிறகு எழுந்ததோ அந்த நேரத்தில் கேட்ட குரலுக்கே உரியது. மூன்று மாதங்களாக நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகள் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே பின்னர் ஒழுங்குபட்டன. அன்றிரவுக் கச்சேரி ஒலித்தட்டாகவும் வெளிவந்திருக்கிறது. அதை இப்போது போட்டுக் கேட்கும்போது, அவர் சொன்ன இரண்டையும் என் காதும் பிரித்தறிகிறது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்பரா குக் பாடி வந்த சிறு அரங்கக் கச்சேரிகளுக்குக் கபரே என்று பெயர். அப்பெயரைக் கேட்டவுடன், பழைய தமிழ்த் திரைப்படங்களில் மின்னும் உடையில் வரும் விடுதி நடனமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. முதல் மாலையில் வந்தவர்கள் சிலரும் அப்படியே எண்ணியிருந்தனர். நியூயார்க்கின் கபரே அதுவன்று. சிறிய அறை, ஒரு பியானோ, சில வேளை உடன் பாஸ் என்னும் தாழ்சுருதித் தந்தி வாத்தியம், மேசைகளைச் சுற்றி அமர்ந்து உணவருந்தும் கேட்போர், அவர்களுக்குக் கையெட்டும் தொலைவில் நின்று பாடுகிற ஒருவர். 76-ஆம் தெருவில் உள்ள கார்லைல் ஓட்டலின் கஃபே கார்லைலில் சுமார் 90 பேர்தான் அமர முடியும். முன்வரிசைக்காரர் ஒருவர் முட்கரண்டியைக் கீழே வைக்கும் ஓசைகூடப் பாடுபவருக்குக் கேட்கும். இத்தகைய அறையில் முகத்தை மறைக்க முடியாது. பொய்யான உணர்ச்சி ஒரு வரிக்குள் பிடிபட்டுவிடும். மன்ஹாட்டனின் கபரே அரங்கொன்றில் முன்பு பரிமாறுநராக இருந்த அன்பர், நல்ல பாடகர் பாடத் தொடங்கியதும் தாம் தட்டுகளை ஏந்தியபடியே சுவரோரம் அசையாமல் நின்றுவிடுவதுண்டு என்றும், கேட்போரின் மௌனத்தைக் கலைக்க யாருக்கும் மனம் வராது என்றும் சொன்னார். கைதட்டலை மட்டுமே பாராட்டு என்று எண்ணியிருந்த எனக்கு அந்த மௌனத்தையும் பாராட்டாகக் கணக்கிடக் கற்றுக் கொடுத்தமைக்காக அவருக்கு நன்றி.

கபரே பாடகர்களுக்குப் பியானோ வாசிக்கும் நண்பர் ஒருவர், இரண்டு முழு ஞாயிற்றுக்கிழமைகளை எனக்காக ஒதுக்கி, வாலி ஹார்ப்பர் என்ற கலைஞர் செய்தது என்ன என்பதை வாசித்தே காட்டினார். 1974 முதல் 2004 அக்டோபரில் தாம் மறையும் வரை, முப்பது ஆண்டுகள் பார்பரா குக்கின் பியானோ கலைஞராகவும் இசை இயக்குநராகவும் விளங்கியவர் ஹார்ப்பர். பாடகி மூச்சு வாங்கும் இடத்தைப் பியானோவும் அறிந்து ஒதுங்குவதையும், ஒரு சொல் முற்றுப்பெறும் வரை அடுத்த ஒலிக்கோவையைக் கையிலேயே தாங்கிக் காத்திருப்பதையும் நண்பர் விளக்கியபோது, நம் பக்கவாத்தியக் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. ஹார்ப்பரை இழந்த சில மாதங்களில், 2005-இல், கஃபே கார்லைலில் அவர் நினைவாகவே பார்பரா குக் பாடினார். அந்த நிகழ்ச்சியைப் பற்றி இரண்டாம் மாலையில் நான் பேசியபோது குரல் தழுதழுத்து நிறுத்த நேர்ந்தது. அப்போது தண்ணீர் கொடுத்துப் பொறுமையோடு காத்திருந்த அவையினருக்கும் இங்கே நன்றி சொல்கிறேன்.

விமர்சகர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. நியூயார்க் டைம்ஸ் இதழில் ஸ்டீபன் ஹோல்டன் பல்லாண்டுகளாகக் கபரே நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து கேட்டு எழுதினார். ஒரே பாடகியை ஒரே விமர்சகர் ஆண்டுதோறும் கேட்டு எழுதும்போது, இளமையில் உச்சத்தை எளிதாகத் தொட்ட குரல் வயதோடு இறங்குவதும் நிறம் அடர்வதும், அதற்கு ஈடாகச் சொல்லின் பொருள் மேலும் மேலும் வெளிச்சம் பெறுவதும் அவர் எழுத்தில் படிப்படியாகப் பதிவாகின்றன. இது முகத்துதியன்று. குறைந்ததைக் குறைந்ததென்று சொல்லத் துணிபவர் மிகுந்ததை மிகுந்ததென்று சொல்லும்போதுதான் அச்சொல்லுக்கு எடை உண்டு என்பது என் உறுதியான கருத்து. பார்பரா குக்குக்கு ஒரு தலைமுறை முன்பே நாற்காலியில் அமர்ந்தபடி பாடிய கபரே பாடகி மேபல் மெர்சரின் அருமையை, அவரிடமிருந்து பாட்டைப் பொருள் சிதையாமல் பதம் பிரித்துப் பாடக் கற்றதாகச் சொன்ன ஃபிராங்க் சினாட்ராவைப் போன்ற சக பாடகர்களும், தேடி வந்து கேட்டு எழுதியவர்களுமே பிறருக்கு உணர்த்தினர். சிறிய அறைகளில் நிகழும் கலைக்கு இப்படிச் சான்று சொல்வோர் இல்லையென்றால், அது அந்த அறைகளோடே போய்விடும்.

அவர்களுடைய சான்றுகளில் என்னை மிகவும் ஆட்கொண்டது ஒன்று. கச்சேரியின் நிறைவில், ஒலிவாங்கியைத் தவிர்த்துவிட்டு, வெறும் குரலில் ஒரு பாடலைப் பாடுவது பார்பரா குக்கின் வழக்கம். 2001 பிப்ரவரியில் கார்னகி அரங்கில் இசை நாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் சோண்ட்ஹைமின் பாடல்களை முதன்மையாகக் கொண்டு பாடி, பின்னர் லண்டனின் லிரிக் அரங்குக்கும், 2002-இல் நியூயார்க்கின் விவியன் போமான்ட் அரங்குக்கும் கொண்டு சென்ற நிகழ்ச்சியிலும் அப்படியே நிறைவு செய்தார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். பெரிய அரங்கில் ஒலிபெருக்கியின் துணையின்றி ஒலிக்கும் அந்தக் குரலைத் தவறவிடக் கூடாதென்று அத்தனை பேரும் முன்சாய்ந்து மூச்சடக்கிக் கேட்டதாகச் சொல்கிறார்கள். 2006 ஜனவரியில் நியூயார்க்கின் இசை நாடக நிறுவனமான மெட்ரபாலிடன் ஆப்பெரா அவருக்குத் தனிக் கச்சேரி வழங்கியது. அவ்வாறு அங்கே பாடிய முதல் பெண் பாப் பாடகர் அவரே. 2011-இல், கலைஞர்களின் வாழ்நாள் பணிக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் கென்னடி மையத்தின் கௌரவமும் கிடைத்தது. எனினும் இவ்விருதுகளைப் பற்றி நான் உரையில் மிகக் குறைவாகவே பேசினேன்.

லிங்கன் சென்டரில் உள்ள நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவுப் பணியாளர்களுக்கு என் வணக்கம். நாளிதழ்த் துணுக்குகள் அடங்கிய கோப்புகளை எடுத்து வந்து தந்ததோடு, எதை எங்கே தேட வேண்டும் என்றே அறியாமல் வந்த எனக்குத் தேடும் முறையையும் கற்பித்தார்கள். பழுப்பேறிய அத்தாள்களை யாரோ ஒருவர் கத்தரித்து, தேதியிட்டு, பல்லாண்டுகளுக்கு முன்பே எனக்காக எடுத்து வைத்திருக்கிறார் என்ற எண்ணம் அந்த மேசையில் அமர்ந்திருந்த ஒவ்வொரு நாளும் எழுந்தது.

எங்கள் ஊரில் வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைக்கும் நன்றி. விமர்சகர்கள் ஓயாமல் போற்றும் ஃபிரேசிங் என்ற திறனைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருவாரம் தவித்தேன். பாட்டின் பொருள் சிதையாமல் எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது, எந்தச் சொல்லை அழுத்துவது என்று விவரித்ததும், பதம் பிரித்துப் பாடுவது என்று நாம் சொல்வதில்லையா என்று அவர் உடனே கேட்டார். அந்தச் சொல் கிடைத்த பிறகே பல விமர்சனப் பகுதிகள் தமிழில் வசப்பட்டன. இளம் பாடகர்களுக்கு நடத்திய வகுப்புகளில், வேறொருவராக நடிக்க வேண்டாம், நீங்கள் நீங்களாக இருந்தாலே போதும் என்று பார்பரா குக் வலியுறுத்தி வந்ததைச் சொன்னபோது, அதையே தம் மாணவியருக்கும் சொல்லப்போவதாகச் சொன்னார்.

மூன்று மாலைகளுக்கும் மழையைப் பொருட்படுத்தாமல் வந்தவர்களே, மொழிபெயர்ப்பைப் படித்துப் பிழை திருத்திய தங்கையே, நாற்காலிகளை அடுக்கி, ஒலிபெருக்கியைச் சரிசெய்த தம்பிமார்களே, உங்களுக்கெல்லாம் தனித்தனியே எழுதுகிறேன். நிறைவு நாளில் அம்மூதாட்டியையும் அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்தியிருந்தோம். எங்கள் தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் கார்னகி ஒலித்தட்டை ஓடவிட்டபோது, இரண்டாவது கரவொலி எழும் இடம் வருவதற்குச் சற்று முன்னதாகவே அவர் கை உயர்ந்தது. எனக்கு இரவலாகத் தந்திருந்த அன்றைய நிகழ்ச்சி ஏட்டை, மேலுறை மாற்றி, வரும் சனிக்கிழமை காலை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் செல்கிறேன்.

மாறாத நன்றியுடன்,
உரையாற்றும் பேறு பெற்றவர்