லண்டனில் எழுதப்பட்ட கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரானில் இயங்கிய பிரிட்டிஷ் நிறுவனமான இம்பீரியல் பாங்க் ஆஃப் பெர்சியா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோட்டு வெளியிடும் உரிமை ஓர் அந்நிய வங்கியிடம் எப்படிப் போனது, 1930ல் எப்படித் திரும்பி வந்தது என்பதையெல்லாம் கட்டுரையாளர் நன்றாகவே விரித்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் அரசுக்கும் வங்கிக்கும் இடையிலான ராயல்டி (சலுகைக்கு ஈடாக வங்கி அரசுக்குத் தர வேண்டிய லாபப் பங்கு) தகராறை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். ஆறு சதவீதம் அற்பத் தொகை, அதனால்தான் ஈரானியர்களுக்குக் கோபம் என்பது அந்தப் பத்தியின் சாரம். வாழ்நாள் முழுக்கத் தணிக்கை வேலை பார்த்தவன் நான். இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. சதவீதம் கூடுதலாக இருந்திருந்தாலும் தகராறு வந்திருக்கும் என்பது என் கருத்து.

ராய்ட்டர் செய்தி நிறுவனத்தைத் தொடங்கிய ஜூலியஸ் டி ராய்ட்டருக்கு, ரயில், சுரங்கம் என்று நாட்டையே தூக்கிக் கொடுப்பது போன்ற ஒரு சலுகையை 1872ல் ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டே ரத்து செய்தார். ராய்ட்டர் விடவில்லை. அந்தப் பழைய கணக்கைத் தீர்க்கத்தான் 1889 ஜனவரியில் வங்கிக்கான ஒப்பந்தம் வந்தது. 60 ஆண்டுக் காலம், நோட்டு வெளியிடும் தனியுரிமை, வரிவிலக்கு எல்லாம் வங்கிக்கு. பதிலுக்கு, ஆண்டு நிகர லாபத்தில் 6 சதவீதம் அரசுக்கு. அது எவ்வளவு குறைந்தாலும் 4,000 பவுண்டாவது கொடுக்க வேண்டும்.

இந்தக் குறைந்தபட்சத் தொகையைப் பார்த்தால் ஏதோ அரசுக்குப் பாதுகாப்பு போலத் தெரியும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 4,000 பவுண்டு என்பது சுமார் 66,700 பவுண்டு லாபத்துக்கு உரிய ஆறு சதவீதம். ஒரு பேச்சுக்கு, வங்கி ஒரு ஆண்டில் உண்மையில் 1,00,000 பவுண்டு சம்பாதித்தது என்று வைத்துக்கொள்வோம். அரசுக்கு 6,000 வர வேண்டும். ஆனால் லாபத்தை அறிவிக்கும் முன்பே, வராக்கடனுக்கு என்றும் வருங்கால நஷ்டத்துக்கு என்றும் 33,000 பவுண்டை ஒதுக்கிவிட்டால் அரசின் பங்கு அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மீறப்படவில்லை. யாரும் திருடவில்லை. ஒதுக்கீடு எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் ஒரு தரப்பிடமே இருந்தது.

அந்தத் தரப்பு எங்கே இருந்தது? வங்கி பிரிட்டிஷ் அரச சாசனத்தின் கீழ் அமைந்தது. இயக்குநர் குழு லண்டனில். ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) அங்கேதான் தயாராகும், தணிக்கையாளர் பதில் சொல்ல வேண்டியது அங்குள்ள பங்குதாரர்களுக்கு. ஈரான் அரசுக்கு ஓர் ஆணையர் உண்டுதான். அவர் நோட்டு வெளியீட்டை மேற்பார்வை செய்யலாம், நிர்வாகத்தில் தலையிடக் கூடாது. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு நிலத்தை விட்டவர் களத்துமேட்டுக்கே போகாமல், பயிரிட்டவர் அளந்து அனுப்பியதை வாங்கிக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. பயிரிட்டவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் சந்தேகம் வராமல் இருக்காது.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வங்கிகள் உண்மையான லாபத்தை வெளியே காட்டாமல் உள்காப்பு நிதியாகச் சேர்த்து வைப்பது சட்டப்படி சரி, நல்ல நிர்வாகமும்கூட என்று கருதப்பட்டது. கெட்ட ஆண்டில் அதை எடுத்து நிரவிக்கொள்வார்கள். மற்ற நிறுவனங்களைக் கடுமையாகக் கட்டிப்போட்ட 1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கம்பெனிச் சட்டமே வங்கிகளுக்கு இதில் விலக்கு அளித்தது. 1931ல் ராயல் மெயில் கப்பல் கம்பெனியின் தலைவர் கில்சன்ட் பிரபு மீது லண்டனில் நடந்த வழக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றியதுதான். மறைத்து வைத்த பழைய நிதியை எடுத்து நஷ்ட ஆண்டுகளை லாப ஆண்டுகளாகக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. ஆண்டுக் கணக்கு தொடர்பான அந்தக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். கடன் பத்திர அறிவிப்பு ஒன்றில் பொய்த்தோற்றம் தந்ததற்காகத்தான் சிறை சென்றார். சொந்த நாட்டுப் பங்குதாரருக்கே தெரியாத லாபம், தெஹ்ரானில் இருக்கும் நிதியமைச்சருக்கு எப்படித் தெரியும்?

வங்கியின் பக்கமும் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மூலதனம் பவுண்டில், தொழில் நடந்ததோ வெள்ளி நாணயமான கிரானில். 1890களில் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிய, வங்கியின் முதலே கரைந்தது. 10 லட்சம் பவுண்டாக இருந்த மூலதனத்தை 6.5 லட்சமாகக் குறைக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட வங்கி காப்பு நிதி சேர்ப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி அங்கேயும் அதேதான். கிரானில் லாபம், பவுண்டில் நஷ்டம் என்று ஓர் ஆண்டு முடிந்தால் ராயல்டிக்கு எந்தக் கணக்கு செல்லும்? ஆறு சதவீதம் என்று மட்டும் எழுதி வைத்தால் இதற்கு விடை கிடைக்காது.

இன்னொன்று. 1890ல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குக் கொடுத்த புகையிலை ஏகபோகத்தை மக்கள் போராட்டத்துக்குப் பணிந்து 1892ல் ஷா ரத்து செய்தார் அல்லவா? அந்தக் கம்பெனிக்கு இழப்பீடு கொடுக்க 5 லட்சம் பவுண்டு கடன் இதே வங்கி வழியாகத்தான் வந்தது. வட்டியும் ஆறு சதவீதம். முதல் ஆண்டு வட்டி மட்டும் 30,000 பவுண்டு. வளைகுடாத் துறைமுகங்களின் சுங்க வருமானம் அதற்கு ஈடு. அந்த முதல் ஆண்டு வட்டி, வங்கி தர வேண்டிய குறைந்தபட்ச ராயல்டியைப் போல ஏழரை மடங்கு! இதைக் கட்டுரை தொடாமல் விட்டது எனக்கு வருத்தம்.

ராயல்டி தகராறின் முழு உருவத்தைப் பார்க்க ஈரானின் எண்ணெய்க்கு வர வேண்டும். 1901ல் வில்லியம் டார்சிக்குக் கொடுத்த சலுகையிலும் இதே வாசகம்தான், சதவீதம் மட்டும் 16. வங்கி ஒப்பந்தத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். நடந்தது என்ன? அந்தச் சலுகையில் உருவான ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய்க் கம்பெனி துணைக் கம்பெனிகளைத் தொடங்கியது. கப்பல் ஒரு கம்பெனி, விற்பனை இன்னொரு கம்பெனி. அவற்றின் லாபத்தில் ஈரானுக்குப் பங்கு உண்டா என்று வாக்குவாதம். முதல் உலகப் போரின்போது பழங்குடியினர் எண்ணெய்க் குழாயை உடைத்ததற்கு ஈரான் அரசே பொறுப்பு என்று சொல்லி ராயல்டியையே நிறுத்தி வைத்தது கம்பெனி. கடைசியில் 1920ல் 10 லட்சம் பவுண்டு கொடுத்துப் பழைய பாக்கியைத் தீர்த்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் ஈரான் சார்பில் உட்கார்ந்தவர் ஆர்மிடேஜ்-ஸ்மித் என்ற பிரிட்டிஷ் கருவூல அதிகாரி! கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளவே எதிர்த்தரப்பு நாட்டிலிருந்து ஆள் தேவைப்பட்ட நிலை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறும்.

1930ல் ஏறக்குறைய 13 லட்சம் பவுண்டாக இருந்த எண்ணெய் ராயல்டி, உலக மந்தநிலையில் 1931ல் 3 லட்சம் சொச்சமாக விழுந்தது. உற்பத்தி அந்த அளவுக்குக் குறையவில்லை. 1932 நவம்பரில் அப்போதைய மன்னர் ரெசா ஷா சலுகையை ரத்து செய்ய, வழக்கு சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) வரை போனது. 1933ல் வந்த புது ஒப்பந்தம் நிகர லாபத்தைக் கைவிட்டு, டன்னுக்கு 4 ஷில்லிங் என்று மாறியது. டன்னை எண்ணலாம், லாபத்தை எண்ண முடியாது என்று இரு தரப்பும் கற்றுக்கொண்டதன் விளைவாகவே நான் இதைப் பார்க்கிறேன். அப்போதும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பங்குதாரர்களுக்கு வழங்கப்படும் டிவிடெண்டில் 20 சதவீதம் என்று ஓர் ஓட்டை வைத்தார்கள். போருக்குப் பிறகு, டிவிடெண்டை உயர்த்தாதீர்கள் என்று பிரிட்டிஷ் அரசு தன் நாட்டுக் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. அவர்களுடைய உள்நாட்டுக் கொள்கை அது. ஆனால் ஈரானின் வருமானம் அதில் அடிபட்டது. 1951ல் எண்ணெய் தேசியமயமானதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இதேபோல் எத்தியோப்பியாவில் 1905ல் சலுகை பெற்ற அபிசீனிய வங்கி, லாபத்தில் 20 சதவீதம் தர ஒப்புக்கொண்டிருந்தது. தொடக்க ஆண்டுகளில் அது நஷ்டத்தில் ஓடியது. நஷ்டத்தில் இருபது சதவீதம் எவ்வளவு வரும்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வங்கியின் 60 ஆண்டுக் காலம் 1949 ஜனவரியில் முடிந்தது. பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்து பார்த்துவிட்டு, 1952ல் ஈரானை விட்டே போனது. அதற்குள் 1942ல் குவைத்திலும் 1946ல் துபாயிலும் கிளை திறந்திருந்தது. பின்னாளில் எச்எஸ்பிசி குழுமத்தில் சேர்ந்ததும் இந்த வங்கிதான். வளைகுடாவில் வேலை பார்க்கும் உங்கள் வாசகர்கள் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். ஈரானில் கழிந்த அந்தக் கடைசி மூன்று ஆண்டுகளைப் பற்றி அதே கட்டுரையாளர் தனியாக எழுத வேண்டும். எழுதும்போது சதவீதத்தோடு நிறுத்தாமல், கணக்கைப் பார்க்கும் உரிமை அரசுக்கு எந்த அளவு இருந்தது என்பதையும் ஒப்பந்த வாசகங்களோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்