ஃபெயில் வேறு, ஃபேட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊட்டியைச் சுற்றியுள்ள குன்னூர், கல்லட்டி மலைப்பாதைகளில் வண்டி கவிழ்ந்தால் மறுநாள் செய்தியில் 'பிரேக் ஃபெயிலியர்' என்றே வருகிறது. பல நேரம் அங்கே நடந்திருப்பது 'பிரேக் ஃபேட்'.

ஃபெயில் என்றால் ஒரு பாகம் கெட்டுவிட்டது. பிரேக் ஆயில் போகும் ஹோஸ் வெடித்திருக்கும், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் கசிந்திருக்கும், லாரி என்றால் ஏர் பிரேக்கின் காற்று இறங்கியிருக்கும். பட்டறைக்குப் போகாமல் சரியாகாது. ஃபேட் ஆனால் எதுவும் உடைந்திருக்காது; சூட்டில் பிடிமானம் போயிருக்கும்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,500 கிலோ உள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றலில் சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். சின்ன கியரில் இறக்கினால் அதில் நல்ல பங்கை இன்ஜினே வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் (டீசல் மிச்சமாம்!) பெரும்பாலும் சக்கரங்களில் உள்ள பிரேக் டிஸ்க்கும் டிரம்மும்தான் தாங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரை 'எல்' (சின்ன கியர்) இருக்க 'டி'யிலேயே (வழக்கமான ஓட்டத்துக்கானது) இறக்குபவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல், கருகல் வாடை அடித்தால் லைனிங் (பிரேக்கில் உரசிப் பிடிக்கும் பட்டை) சூடேறிவிட்டது. பெடல் தொளதொளவென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கலாம். 'டாட் 3' என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மட்டம் குறையவில்லையே என்று விட்டுவிடாமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னொரு ஆபத்து. இரண்டு மூன்று மிதியில், பெடலை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரின் வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகிவிடும்.

ஃபேட் ஆன பிரேக் ஆறியதும் பழையபடி பிடிக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்து மிதித்துப் பார்க்கும்போது குறையே தெரியாது. ஓட்டுநர் பொய் சொல்வதுபோல ஆகிவிடும்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெடலில் கால் வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். பிடிமானம் குறைவது தெரிந்தால் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, மலைச் சரிவுப் பக்கம் ஒதுங்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

பெடல் கெட்டியாக இருந்ததா, உள்ளே போனதா, ஆறிய பிறகு பிடித்ததா என்று உங்கள் செய்தியாளர்கள் ஓட்டுநரிடம் கேட்டு எழுதினால் நல்லது.

வாகனப் பழுதுநீக்குநர்,
குன்னூர்