ஓடிபி எச்சரிக்கை மட்டும் போதாது: இணையவழிக் குற்றப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான், எங்கள் பகுதியில் இருக்கும் முதியவர்களுக்குச் செல்பேசியில் பணம் அனுப்பவும் பெறவும் சொல்லித்தருகிறேன். நீங்கள் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு அவர்களில் பலர் போய்வருகிறார்கள். கேட்டால், எல்லோர் நினைவிலும் நிற்பது ஒரே வரி: ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது. வரியில் பிழையில்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் தாங்களாகவே இன்னொரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். ஓடிபியைச் சொல்லாத வரை பணம் போகாது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இந்த நிம்மதிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

2024இல் வர்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 7 கோடி ரூபாயை இழந்தார். சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் காணொளி அழைப்பிலேயே அவரை இருத்திவைத்து, உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒரு நாடகத்தையும் நடத்தினார்கள். பத்மபூஷண் விருது பெற்ற தொழிலதிபர் அவர். படிக்காதவர்களும் பேராசைக்காரர்களும்தான் ஏமாறுவார்கள் என்று இனியும் யாராவது மேடையில் சொன்னால், கேட்கிற ஆசிரியரும் மருத்துவரும் தமக்கு இந்த ஆபத்து இல்லை என்று எண்ணிக்கொள்வார்கள். இத்தகைய மோசடியில் ஓடிபி கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. பயந்துபோனவர் தம் கையாலேயே பணத்தை அனுப்பிவிடுகிறார். இப்படிக் காணொளி அழைப்பிலேயே பிடித்துவைக்கும் 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்பதை அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் சொன்னார். உங்கள் துண்டறிக்கையில் ஓடிபிக்கு முன்னால் நிற்க வேண்டிய வரி அது.

ஓடிபி யாரும் சொல்லாமலே களவுபோவதும் உண்டு. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது ஒரு செயலியை நிறுவும் கோப்பு, வருகிறது. அதை நிறுவி, கேட்கிற அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், வருகிற குறுஞ்செய்திகளை அந்தச் செயலியே படித்து வெளியே அனுப்பிவிடும். செல்பேசிக்காரர் வாய் திறந்திருக்கவே மாட்டார்.

இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் பாதுகாப்பானது என்பதையும் இன்னும் சிலர் கற்பிக்கிறார்கள். நம் செல்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. போலித் தளங்களும் அந்தச் சின்னத்தோடுதான் வருகின்றன. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2023இல் குரோம் உலாவியிலிருந்தே கூகுள் அதை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சொல்லித்தர இப்போது உருப்படியான ஒன்று இருக்கிறது. வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025இல் உத்தரவிட்டது. எழுத்துப் பிழைகளை வைத்துப் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய பாடத்தையும் விட்டுவிடலாம். பிழையில்லாத தமிழில் மிரட்டல் கடிதம் எழுதித்தரும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகள் மோசடிக்காரர்கள் கையிலும் இருக்கின்றன.

அதே கருவிகள் நம் முதியவர்கள் கையிலும் இருக்கின்றன. இதைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச விரும்புகிறேன். சாட்ஜிபிடி, ஜெமினி, வாட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்கும் மெட்டா ஏஐ ஆகியவற்றிடம் அவர்கள் ஏற்கெனவே சமையலும் மருந்தும் கேட்கிறார்கள். சந்தேகமான செய்தி வந்தாலும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இதை நான் வரவேற்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் இரவு 11 மணிக்குக் கேட்கத் தயங்குகிற அம்மா, திட்டு விழும் என்று பயப்படாமல் இங்கே கேட்கலாம். 'உங்கள் மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும்' என்ற ஆங்கிலச் செய்தியைத் தமிழில் விளக்கி, அவசரப்படுத்துவது மோசடியின் அடையாளம் என்று அது சொல்லும்போது, அவருக்கு யோசிக்க ஐந்து நிமிடம் கிடைக்கிறது. பணம் போய்விட்ட பிறகு, பதற்றத்தில் கோர்வையாகச் சொல்ல முடியாதவருக்கு நாள், நேரம், தொகை, 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றை வரிசைப்படுத்திப் புகார் எழுதவும் உதவும்.

ஆனால் அது எந்த இடத்தில் தவறும் என்பதை நீங்கள்தான் மக்களுக்குச் சொல்ல வேண்டும். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அதனிடம் கேட்கவே கூடாது. மோசடிக்காரர்கள் இணையத்தில் விதைத்துவைத்த போலி எண்ணை எடுத்து, துளியும் சந்தேகமில்லாத தொனியில் அது கொடுத்துவிடக்கூடும். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணையும் வங்கிப் புத்தகத்தில் இருக்கும் எண்ணையும் மட்டும் நம்பச் சொல்லுங்கள். திரைப்பிடிப்பை அதற்கு அனுப்புமுன் கணக்கு எண், ஆதார் எண் எல்லாவற்றையும் மறைக்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்லுங்கள்: அது 'சந்தேகமாக இருக்கிறது' என்றால் உடனே நின்றுவிட வேண்டும், 'பிரச்சினை இல்லை' என்றால் அந்தப் பதிலோடு நிற்காமல் வங்கியிடமே கேட்க வேண்டும். முதல் பதில் தவறானால் கொஞ்சம் நேரம் வீணாகும். இரண்டாவது தவறானால் ஆயுள் சேமிப்பு போய்விடும்.

காணொளி அழைப்பில் ஒருவர் சிக்கிக்கொண்டபின் எந்த ஏஐ உதவியாளரும் பயன்படாது. செல்பேசியை வைக்காதே, யாரிடமும் பேசாதே என்பதுதான் அவருக்கு இடப்படும் முதல் கட்டளை. ஆகவே அழைப்பைத் துண்டித்துக் காட்டுவதைக் கூட்டத்திலேயே ஒரு பயிற்சியாகச் செய்யவையுங்கள். நீங்கள் சீருடையோடு மேடையில் நின்று, 'காவல்துறை என்று சொல்லி நானே அழைத்தாலும் துண்டித்துவிடுங்கள். அதற்காக உங்கள் மீது வழக்கு வராது' என்று சொன்னால், நான் நூறு முறை சொல்வதைவிட அது மனதில் பதியும். பெரியவர்கள் துண்டிக்கத் தயங்குவது காவல்துறையின் மேல் இருக்கும் மரியாதையால்தான்.

இணையவழி நிதி மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற உதவி எண்ணைத் துண்டறிக்கையின் கடைசியில் பொடி எழுத்தில் போடாதீர்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் அழைத்தால்தான் முடக்க முடியும். மகனுக்குத் தெரிந்தால் அவமானம் என்று இரண்டு நாள் மறைத்து வைக்கிறவர்களுக்கு இந்த அவசரம் புரிவதில்லை. தம் கவனக்குறைவால் வேறொருவர் அனுமதியின்றிக் கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நேரும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சுற்றறிக்கை வெளியிட்டது. தம்மேல்தான் தவறு, புகார் கொடுத்து என்ன பயன் என்று ஒடுங்கிப்போகிறவர்களின் காதில் இது விழ வேண்டும்.

அடுத்த துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் இவற்றைப் பரிசீலியுங்கள். செல்பேசிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏஐ உதவியாளரிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று செய்து பார்க்கும் கூட்டம் ஒன்றை எங்கள் பகுதியில் நடத்த முன்வந்தால், இடத்தையும் ஆட்களையும் நான் ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்