பூட் ஆகாத கணினிக்கு ஃபார்மேட் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலமும் மின்வெட்டும் சேர்ந்து வந்தால் கணினி சர்வீஸ் கடைகளில் தினமும் கேட்கும் புகார் ஒன்று உண்டு: "ஆன் ஆகுது, கம்பெனி பேர் வருது, அதுக்கு மேல ஒண்ணும் வரல." பல கடைகளில் அதற்குக் கிடைக்கும் பதிலும் மாறுவதில்லை: "ஓஎஸ் போயிருச்சு, ஃபார்மேட் அடிச்சிரலாம்." அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவது. டிடிபி மையத்தின் பத்து வருடப் பத்திரிகை டிசைன்கள், சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கு, பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் என எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடுகின்றன. இதில் தேவையில்லாமல் போவதுதான் அதிகம். எனவே இந்தக் கடிதம்.

முதலில் யூஎஸ்பியில் செருகியிருக்கும் பென் டிரைவ், கார்டு ரீடர், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று தேடும் பூட் வரிசையில் யூஎஸ்பி முதலில் இருந்தால், கணினி அந்தப் பென் டிரைவில் விண்டோஸைத் தேடிவிட்டு 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிடும். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்கே காசு கொடுத்தவர்கள் உண்டு.

அது இல்லையென்றால் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போக வேண்டும். ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய விசை டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் டிலீட் அல்லது எஃப்2, எச்பி லேப்டாப்பில் எஃப்10. அங்கே ஹார்ட் டிஸ்க்கின் மாடல் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டும் சரியென்றால் டிஸ்க் குறைந்தபட்சம் பேசுகிறது. கோளாறு பூட் கோப்புகளிலோ பயாஸ் அமைப்பிலோ டிஸ்க்கின் சில செக்டர்களிலோ (டேட்டா எழுதப்படும் சிறு கட்டங்கள்) இருக்கும். பெயரே இல்லையென்றால் கேபிள், பவர், போர்டு, டிஸ்க் என நான்கில் ஒன்று. பெயர் வந்து கொள்ளளவு மட்டும் பூஜ்யம் என்று வந்தால், பெரும்பாலும் டிஸ்க்கின் உள்நிரல் சிக்கிக்கொண்டிருக்கிறது. சீகேட் பாராகுடா 7200.11 வரிசையில் 2009-இன் தொடக்கத்தில் பெரிதாகப் பேசப்பட்டது இதுதான். பயாஸில் டிஸ்க் காணாமல் போனது அல்லது 0 ஜிபி என்று காட்டியது, டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டில் இருந்த டேட்டாவோ அப்படியே இருந்தது. பயாஸில் தெரியவில்லை என்றாலே 'டேட்டா போச்சு' என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பயாஸில் இருக்கும்போதே தேதியையும் பார்த்துவிடுங்கள். ஐந்தாறு வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். 3 வோல்ட் பேட்டரிதான், ஆனால் அது போனால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ அல்லது ரெய்டுக்கு மாறியிருந்தால், விண்டோஸ் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் நீலத்திரையில் 'இன்ஆக்ஸசபிள் பூட் டிவைஸ்' என்று விழும். பூட் முறை புதிய யூஇஎஃப்ஐ-யிலிருந்து பழைய லெகசிக்கு மாறியிருந்தால் பூட்டே ஆகாது. பேட்டரியை மாற்றி, மோடைப் பழையபடி வைத்தால் வேலை முடிந்தது. இதற்கு ஃபார்மேட் அடிப்பவரை என்ன சொல்வது?

டெஸ்க்டாப்பில் டிஸ்க் தெரியவே இல்லையென்றால் கேபிளிலிருந்து தொடங்குங்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளில் 7 தொடர்புகள், பவர் கேபிளில் 15. கேபினெட் கதவை மூடும்போது டேட்டா கேபிள் மடங்கி, முனை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் போதும். வேறு கேபிள், வேறு போர்ட் என்று மாற்றிப் பாருங்கள். அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளுக்கு 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் அந்த நேரத்தில் தள்ளாடினால் டிஸ்க் பாதி சுற்றி நின்றுவிடும். மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். சுமையில்லாமல் அளந்தால் பயனில்லை. டிஸ்க் ஓடத் தொடங்கும் அந்த நொடியில் அளக்க வேண்டும். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டுமே போதும்.

இனி காதைக் கொடுக்க வேண்டிய இடம். நல்ல டிஸ்க் ஆன் ஆனதும் மெல்ல ஏறும் ஒரு ரீங்காரம், பிறகு லேசான சொரசொரப்பு. 'டிக்... டிக்... டிக்...' என்று ஒரே தாளத்தில் சில முறை அடித்துவிட்டு நின்றுபோனால், படிக்கும் ஹெட் தட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய் வருகிறது. மெல்லிய 'பீப்' போலக் கேட்டால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டு மோட்டாரைச் சுழல விடவில்லை, அல்லது மோட்டாரே இறுகிவிட்டது. இந்த இரண்டு சத்தங்களில் எது கேட்டாலும் உடனே பவரை நிறுத்துங்கள். 'இன்னொரு தடவை பார்ப்போம்' என்று ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ஹெட் தட்டைச் சுரண்ட வாய்ப்பு கொடுக்கிறீர்கள். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான், தலைமுடித் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. மூடியைக் கழற்றிப் பார்ப்பதும், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரீசரில் வைப்பதும் டேட்டாவுக்குக் கொள்ளி வைப்பதுதான். ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் தட்டில் ஈரம் படியும். மூடியில் 'இந்தத் துளையை மூடாதே' என்று எழுதிய சிறு துளை சாதாரண டிஸ்க்குகளில் இருக்கும். அது காற்றழுத்தத்தைச் சமன் செய்வதற்கு. அதன் மேலேயே வாரண்டி ஸ்டிக்கரை ஒட்டும் கடைக்காரர்கள் தயவுசெய்து இடம் மாற்றி ஒட்டுங்கள்.

சத்தமே இல்லை, மோட்டார் சுழலவும் இல்லையென்றால் அடியில் இருக்கும் பச்சை போர்டில் கோளாறாக இருக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் அதே மாடல் டிஸ்க் வாங்கி போர்டை மாற்றினால் வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள எட்டுக் கால் ரோம் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். சிப்பையும் பெயர்த்து மாற்றினால்தான் உயிர் வரும். தவறான அடாப்டர் போட்டதால் போனது என்றால், மின்னழுத்தப் பாய்ச்சலைத் தாங்க வைத்திருக்கும் டிவிஎஸ் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். அதை மட்டும் நீக்கியே டேட்டாவை எடுத்துவிடலாம். இதைச் சால்டரிங் தெரிந்தவர் செய்ய வேண்டும். அதன் பிறகு அந்த டிஸ்க்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

டிஸ்க் தெரிகிறது, சத்தமும் இயல்பு, ஆனாலும் விண்டோஸ் வரவில்லை என்றால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்க வேண்டும். அந்த டிஸ்க்கிலிருந்தே மறுபடி மறுபடி பூட் செய்து பார்ப்பது வேண்டாம். உபுண்டு என்ற இலவச லினக்ஸ் உள்ள பென் டிரைவில் பூட் செய்து, நிறுவாமல் 'டிரை' கொடுத்து, அதிலிருக்கும் டிஸ்க் கருவியில் பார்க்கலாம். இன்னொரு கணினியில் இணைத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளிலும் பார்க்கலாம், ஆனால் விண்டோஸில் இணைத்தால் 'ஃபார்மேட் செய்யவா?', 'இனிஷியலைஸ் செய்யவா?', 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா?' என்று மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். மூன்றுக்கும் பதில் 'கேன்சல்'. பார்க்க வேண்டிய எண்கள் நான்கு: 5, 197, 198, 199. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இவற்றை 05, சி5, சி6, சி7 என்று பதினாறடிமானத்தில் எழுதும். 'ரா வேல்யூஸ்' என்ற கட்டத்தில் வரும் மதிப்புகளும் வழக்கமாக அப்படித்தான், 10 என்று தெரிந்தால் அது 16. 5 என்பது ஏற்கெனவே ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 சோதனையிலும் தேறாதவை. 199 மட்டும் ஏறியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள். கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் இறங்காது, மேலும் ஏறாமல் நின்றால் சரி.

197-இல் ஏதாவது இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது என்று எப்போதும் அர்த்தமல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த செக்டர் பாதியில் நின்று, சரிபார்ப்புக் குறியீடு பொருந்தாமல் போகும். அதன் மேல் புதிதாக எழுதினால் டிஸ்க் அதை மறுபடி நல்லதாக ஏற்றுக்கொள்ளும், ஆனால் அங்கே முன்பு இருந்தது போய்விடும். அதனால் எண்ணைக் குறைப்பதற்கு முன் நகல் எடுத்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கட்டளையான செக்டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் போட்டு ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். செக்டிஸ்க்கின் வேலை கோப்பு அமைப்பை ஒழுங்காக்குவது, உங்கள் கோப்புகளைக் காப்பது அல்ல. படிக்க முடியாத பகுதியை வெட்டிவிட்டு, உடைந்த துண்டுகளை 'ஃபவுண்ட் 000' என்ற ஃபோல்டரில் பெயரில்லாக் கோப்புகளாகக் கொட்டும். ஏற்கெனவே தடுமாறும் ஹெட்டை முழு டிஸ்க்கையும் படிக்க வைத்து வாட்டும். சரியான வரிசை இது: லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால், அதே கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள வேறு டிஸ்க்குக்கு செக்டர் செக்டராக நகல். முதல் சுற்றில் எளிதாக வருவதை மட்டும் எடுத்து, கெட்ட இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். எதுவரை நகலானது என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் மேப் கோப்பை மூன்றாவது ஒரு இடத்தில், பென் டிரைவிலாவது, சேமியுங்கள். இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாம் சுற்றில் கெட்ட இடங்களை மூன்று முறை முயலச் சொல்லலாம். எது மூலம், எது நகல் என்பதை மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் வைத்து இரண்டு தடவை பாருங்கள், மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்படும். 500 ஜிபி நல்ல டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும், கெட்டதற்கு நாள் கணக்கில் ஆகலாம். செக்டிஸ்க், மீட்பு மென்பொருள் எல்லாம் அந்த நகலில்.

ஸ்மார்ட் சுத்தமாக இருந்தால் மட்டுமே பூட் கோப்புகளைச் சரிசெய்வது பொருத்தம். பழைய எம்பிஆர் (லெகசி) முறைக்கு விண்டோஸ் ரெக்கவரி திரையில் பூட்ரெக் கட்டளைகள் போதும். யூஇஎஃப்ஐ கணினியில் அவற்றில் ஒன்றான ஃபிக்ஸ்பூட் பெரும்பாலும் 'ஆக்சஸ் டினைடு' என்றுதான் சொல்லும், அங்கே பிசிடிபூட் என்ற கட்டளை வேண்டும். ரெக்கவரி திரையில் விண்டோஸ் இருக்கும் டிரைவ் சி என்றே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி சத்தம் போடாது, முன்னறிவிப்பு இல்லாமலும் காணாமல் போகும். அழித்த இடத்தைக் காலி செய்யும் டிரிம் வசதியால் அழித்ததை மீட்பதும் அநேகமாக நடக்காது. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்ற பயாஸ் அமைப்பு இயங்கினால் விண்டோஸ் நிறுவும்போது டிரைவே தெரியாது. டிரைவர் போட்டால் தெரியும், எஸ்எஸ்டி சாகவில்லை. டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டியிருந்தால் பயாஸில் எதையாவது மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். 'டி டிரைவில் பேக்கப் வைத்திருக்கிறேன்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரு அறைகள்தான். வீடு இடிந்தால் இரண்டும் போகும்.

சர்வீஸ் கடை உரிமையாளர்களிடம் ஒரு கோரிக்கை. கணினியை வாங்கிக்கொண்டு கொடுக்கும் ரசீதில் மூன்று வரிகள் சேர்த்து அச்சிடுங்கள்: டிஸ்க்கின் சீரியல் எண், டேட்டா வேண்டும் / வேண்டாம், பழைய டிஸ்க் திருப்பித் தரப்படும். ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புத்தகமும் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கும் டிஸ்க் அது. வாடிக்கையாளர்களும் அந்த இரண்டாவது வரியில் டிக் போட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்போர் சிலர்,
திருச்சிராப்பள்ளி