கிடாரம் திரும்பிப் போன பிறகு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

கூழ் காய்ச்ச இரவல் வாங்கிய பெரிய கிடாரம் நேற்றுத்தான் கோயிலுக்குத் திரும்பிப் போனது. அடியில் பிடித்திருந்த கூழைச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்தெடுக்க மூன்று நாள் சென்றது. கொண்டுபோய் வைத்துவிட்டு, 'தந்ததுக்குப் பெரிய உபகாரம்' என்று மடைப்பள்ளி ஐயாவிடம் சொல்லிவிட்டு வரும் வழியில்தான் உறைத்தது: கிடாரத்துக்குச் சொன்ன நன்றியை ஆட்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

இந்த ஆடிப்பிறப்பன்று பின்னேரம் எங்கள் சனசமூக நிலையத்து முற்றத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாட்டுகளை ஊர் கூடிப் பாடியது. அதற்கு முதல் இரண்டு மாதமாக உங்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிய பாட்டுக் கொப்பி ஒன்று இப்போது வாசிகசாலை அலுமாரிக்குள் இருக்கிறது. 'எல்லாம் ரீச்சர் செய்தவா' என்று சிலர் சொல்லித் திரிகிறீர்களாம். ரீச்சர் செய்தது ஒரு அறிவித்தல் எழுதியதும் ஒரு பிழை விட்டதும்தான். மிச்சம் முழுக்க நீங்கள்.

தொடங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். வாசிகசாலைக்கு வருகிற ஒரு சின்னவள், நாலாம் வகுப்பு, சித்திரை விடுமுறையில் ஒருநாள் வந்து, "ரீச்சர், கத்தரி வெருளி முழுக்கத் தெரியுமோ?" என்று கேட்டாள். கத்தரித் தோட்டத்தில் காவல் நிற்கிற வெருளிப் பொம்மையைப் பற்றிய புலவரின் பாட்டு அது. ஆரம்பப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள் நான். தெரியாமல் என்ன என்று வாயைத் திறந்தேன். முதல் நாலு வரி ஓடி வந்தது. ஐந்தாவதில் வெருளியைப் போலவே நின்றுவிட்டேன்.

என்னிடம் ஒருகாலம் 'சிறுவர் செந்தமிழ்' இருந்தது. புலவர் 1953இல் கண்மூடிய பின், 1955இல் வந்த தொகுப்பு. அப்பா வாங்கி வைத்தது. மட்டை கழன்று, அம்மா கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டி, அந்தப் பசைக்கு எறும்பு வந்து, பிறகு அதற்கு வேப்பிலை வைத்து என்று அந்தப் புத்தகத்துக்கு ஒரு வைத்திய வரலாறே உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் ஊரே இடம்பெயர, மழைக்குள் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அரிசி, இரண்டு தேங்காய் எல்லாம் சைக்கிளில் ஏறின. புத்தகம் ஏறவில்லை. மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது அந்த அலுமாரி இருந்த இடத்தில் கறையான் புற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்கள் எரிந்த ஊரில் ஒரு பிள்ளைப் புத்தகத்துக்கு அழுவதா என்று அம்மா கேட்டா. நான் அழவில்லை. ஆனால் வேறொன்று தேடி எடுக்கவும் இல்லை. முதல் நாலு வரி தெரிந்தால் முழுக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு காலம் இருந்துவிட்டேன்.

"கணினியில கிடக்குமே மாமி" என்றார் மருமகன். உண்மைதான். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. யாரோ பிள்ளைகள் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாக விரித்து ஸ்கான் பண்ணி ஏற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அதனால்தான் அவர்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன். சந்தேகம் வந்தபோதெல்லாம் அங்கேதான் போய்ப் பார்த்தோம். ஆனால் பார்த்து எழுதுவதற்கு முன்னால் எனக்கொரு ஆசை: இந்த ஊரில் எத்தனை பேருடைய வாயில் அந்தப் பாட்டுகள் இன்னும் இருக்கின்றன என்று பார்ப்போமே.

வைகாசி மாதம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டேன்: 'தங்கத் தாத்தாவின் பாட்டு ஒரு வரியாவது பாடமாகத் தெரிந்தவர்கள் பின்னேரம் வாருங்கோ.' புலவரின் பெயரை நான் எழுதவில்லை. எழுதத் தேவைப்படவும் இல்லை. 1878இல் பிறந்த மனிதர். அவரிடம் வட்டுக்கோட்டையில் படித்த பிள்ளைகள் எப்போதோ தாத்தாவாகி அவர்களும் போய்விட்டார்கள். ஊருக்கு அவர் இன்னும் தாத்தாதான்.

பத்துப் பேர் வந்தால் பெரிய விஷயம் என்று ஒரு வாங்கு மட்டும் இழுத்துப் போட்டிருந்தேன். முதல் கிழமை முடிய முன்னமே பக்கத்து வீட்டுக் கதிரைகளும் வந்துவிட்டன. தந்த அக்காவுக்கு நன்றி. ஒன்றின் கால் ஆடுகிறது, அது முன்னமே ஆடினதுதான் என்று நீங்கள் சொன்னது பெருந்தன்மை.

மேசன் அண்ணை ஒருவர் சீமெந்துக் கையோடு வந்து பவளக்கொடியை முழுக்கச் சொன்னார். பால் விற்கப் போகிறவள் வழியில் கனவு கண்டு குடத்தைக் கவிழ்க்கிற இடம் வந்ததும் எழும்பி நின்று நடித்தே காட்டினார். மூன்றாம் வகுப்பில் மேடையில் ஆடின பாட்டாம். அன்றைக்கு அவர்தான் பவளக்கொடி. சேலை கட்டிவிட்டது அவருடைய அம்மா.

மினிபஸ் ஓட்டுகிற தம்பி, உம்மை மறக்க ஏலாது. பஸ்ஸை வீதியில் நிற்பாட்டிவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, "ரீச்சர், வெருளியில நீங்கள் விட்ட இடம் என்னட்ட இருக்கு" என்றீர், ஏதோ கைமாற்றுக் காசைத் திருப்பித் தருகிறவர் மாதிரி. நீர் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்க, பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு ஆச்சி யன்னலால் தலையை நீட்டி, "அது அப்பிடி இல்லையடா தம்பி" என்று திருத்தினா. அன்று அந்த பஸ்ஸில் இருந்து பிந்திப்போன எல்லாருக்கும் மன்னிப்பும் நன்றியும் சேர்த்துச் சொல்கிறேன்.

சகோதரிகளான இரண்டு ஆச்சிமாரின் வழக்கு தனி. 'ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை, ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே' என்று தொடங்குகிற ஆடிப்பிறப்புப் பாட்டில் கொழுக்கட்டைக்குத் தேங்காய்ப்பூவோடு சேர்க்கிற சர்க்கரை வேலூர்ச் சர்க்கரை என்று மூத்தவ. "வேலூர் எங்க, நவாலி எங்க? 'வேண்டிய சர்க்கரை' எண்டுதான் எங்கட வாத்தியார் சொல்லித் தந்தவர்" என்று இளையவ. ஒரு கிழமை இருவரும் கதைக்கவில்லை என்று கேள்வி. அச்சுப் பிரதியில் பார்த்தால் வேலூர்தான் இருக்கிறது. இளையவவிடம் மெல்லப் போய்ச் சொன்னேன். "அச்சடிச்சவன் பிழை விட்டிருப்பான்" என்றா. கொப்பியில் அச்சில் உள்ளதை மையால் மேலேயும், இளைய ஆச்சி சொன்னதைப் பென்சிலால் கீழேயும் எழுதியிருக்கிறேன். அந்தப் பென்சில் வரியை ஒருவரும் அழிக்கக் கூடாது.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியவர்களுக்கும் நன்றி. ஒரு குரலில் தாய் பாட, பின்னால் ஒரு குழந்தை 'தோழர்களே' மட்டும் சரியான இடத்தில் வந்து சொல்லிவிட்டுப் போகிறது. மற்றச் சொல் ஒன்றும் அதற்குத் தெரியாது போல. அதை நான் எத்தனை தரம் கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கலம்பகம், சிலேடை வெண்பா, நல்லை முருகனுக்குத் திருப்புகழ், பனைக்கென்று தனியே தாலவிலாசம் என்று பெரிய பெரிய வேலை பார்த்த மனிதர் அவர். பண்டிதர்கள் அவற்றை மெச்சுவார்கள், மெச்சத்தான் வேண்டும். நானும் அட்டகிரிக் கலம்பகத்தைத் தொடங்கிப் பாதியில் வைத்தவள்தான், மறைக்கவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் ஒருவர்கூட வந்து ஒரு வெண்பாச் சொல்லவில்லை. எல்லாரும் கொண்டுவந்தது கூழும் கொழுக்கட்டையும் வெருளியும் பாற்குடமும்.

இனி அன்றைய பின்னேரம்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதத்துக்கு ஒரு பாரம் உண்டு. ஜூலை 9, 1995இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேல் உயிர் போன நாள். மறுநாள் 10, புலவரின் நினைவு நாள். அடுத்த கிழமை ஆடிப்பிறப்பு. அஞ்சலிக்குப் போய்வந்த கையோடு கூழ் காய்ச்சுவதா என்று எங்களுக்குள்ளும் கதை வந்தது. அன்று உறவைப் பறிகொடுத்த வீட்டு அம்மா ஒருவர்தான், "பிள்ளையள் பாடட்டும்" என்று சொல்லி, இரண்டு கொத்துப் பயறை வறுத்துக் குத்திக் கொடுத்துவிட்டா. அம்மா, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள். போடவில்லை.

பலாவிலை தந்த வீட்டாருக்கு ஒரு கதையோடு நன்றி. பாட்டில் பிள்ளைகள் ஓடி ஓடி இலை பொறுக்குவார்கள், ஆய்வது கிடையாது. நான் அதைக் கவனித்ததே இல்லை. கத்தியும் கம்புமாக மரத்தில் ஏற ஆளைப் பிடித்திருந்தேன். எண்பத்தாறு வயது ஆச்சி ஒருவர் மறித்தா. "பச்சை இலை மடிச்சால் விரியும், பிள்ளை. சருகு வெடிக்கும். காலமை விழுந்த பழுத்தல்தான் சொன்ன பேச்சுக் கேக்கும்." மஞ்சளாய் விழுந்திருந்த இலை ஒன்றை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, காம்புப் பக்கத்தை உள்ளே கோலி, ஈர்க்குத் துண்டு ஒன்றைக் குத்தி, ஒரு பொட்டுக் கூழ் ஒழுகாத இலைக் கிண்ணமான பிலாவைக் கையில் தந்தா. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு விடிய ஆறு மணிக்கே பிள்ளைகள் அந்த வளவில் ஓடிப் பொறுக்கினார்கள். நாய் குரைத்ததற்கும் நித்திரை குழம்பியதற்கும் வீட்டார் பொறுத்தருள்க.

பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதாகைக்கு நான் எழுதிக் கொடுத்த துண்டில் 1878 என்பது 1978 என்று விழுந்துவிட்டது. கொட்டை எழுத்தில் '1978 – 1953' என்று தொங்கியது. முதலில் கண்டது அந்த நாலாம் வகுப்புக்காரிதான். "ரீச்சர், தாத்தா பிறக்க முதலே செத்திட்டாரோ?" அச்சடித்தவர்களில் ஒரு பிழையும் இல்லை, என் கையெழுத்தின் சீர் அது. வெள்ளைத் தாளில் எட்டு ஒன்று வெட்டி ஒட்டிய தையல்கார அக்காவுக்கு நன்றி. கிட்டப் போய்ப் பார்த்தவர்களைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை.

அவளே கேட்ட இரண்டாவது கேள்விதான் கூழுக்கு வினையானது. ஆடிப்பிறப்புப் பாட்டைச் சிறுவர்கள் சீருடையோடு வந்து பாடினார்கள், பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தபடியால். பாடி முடிய, மைக் இன்னும் உயிரோடு இருக்க, அவள் கேட்டாள்: "இண்டைக்கும் பள்ளிக்கூடம் இருந்ததுதானே? பேந்தேன் விடுதலை எண்டு பாடுறம்?"

முன்பு ஆடிப்பிறப்புக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இப்போது அந்த விடுமுறை கிடையாது. இதைச் சொன்னால் போதும். ஆனால் முற்றத்தில் இருந்த எங்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது வேறு மாதிரி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூழ் துழாவிக்கொண்டிருந்த அண்ணரும் அகப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கடைசியில் இளைய ஆச்சிதான், "விடுதலை எண்டால் அப்ப லீவு, பிள்ளை" என்றா. "ஓ, லீவோ" என்று அவள் போய் இருந்துவிட்டாள். அதற்குள் கூழ் அடிப்பிடித்துவிட்டது.

அடிப்பிடித்த கூழைக் குறை சொல்லாமல் குடித்த அத்தனை பேருக்கும் நன்றி. பனங்கட்டி நல்லதாய் அமைந்தபடியால் தப்பினோம் என்பது என் கணிப்பு. கற்பகக் கட்டியாய்ப் பார்த்து வாங்கித் தந்தவருக்கும், தேங்காய் துருவிய கைகளுக்கும், மின்சாரம் போனபோது ஓட்டோவைத் திருப்பி நிறுத்தி முன்விளக்குப் போட்ட தம்பிக்கும், பாய் தந்த பள்ளிக்கூடத்துக்கும், மழை வராமல் நேர்ந்த பெரியம்மாவுக்கும் நன்றி. யாரையும் விட்டிருந்தால் வாசிகசாலைக்கு வந்து என்னை ஏசுங்கோ, பெயரை எழுதிக்கொள்கிறேன்.

கொப்பியின் கடைசியில் சில பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். 'தாடி அறுந்த வேடன்' இன்னும் ஒருவருடைய வாயிலிருந்தும் முழுதாய் வரவில்லை. அச்சில் பார்த்து நிரப்ப மனமில்லை. பின்னேரம் நாலிலிருந்து ஆறு வரை நான் அங்கேதான் இருப்பேன்.

பாத்திரம் பண்டமெல்லாம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு சிரட்டை அகப்பையைத் தவிர. காம்பில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. உரியவர் வந்து எடுத்துக்கொள்ளவும்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்